துறை ஒதுக்கீடு

பகலில் நான் கப்பல்களுக்கு இடம் எழுதுகிறவள்.
கோதுமைக்குச் சீனன்குடா,
சீமெந்துக்கு அடுத்த இறங்குதுறை,
மிச்சமெல்லாம் வெளியே நங்கூரத்தில் கிடக்கட்டும்.
அதனால்தான் வீட்டில் நினைக்கிறார்கள்
'போர்ட்' என்றால் எனக்கு அத்துப்படி என்று.

உவர்மலை இறக்கத்தில் வீடு.
முன்னறையில் தம்பி யதுகுலன்.
மேல்மாடியில் வாடகைக்கு பாஹிமா டீச்சர், அவர் மகன் அஸ்ஜத்.
பின்னறையில் குருநாகலில் இருந்து
மாற்றலாகி வந்த வங்கிக்காரர் ஹசந்த.
மூன்று பேருக்கும் மூன்று கொன்சோல்.
சாமியறைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே
இரண்டு கொம்போடு ஒரேயொரு ரவுட்டர்.

மூவருக்கும் ஒரே அணியில் ஆட வேண்டும்.
'நாட் வகை: கண்டிப்பானது' என்கிறது திரை,
பிரம்பை மறைத்து வைத்திருக்கும் அதிபரைப் போல.
ஒருவர் இருமினால் மற்றவருக்குச் சுவர் வழியே கேட்கும்.
ஆனால் 'வா' என்ற ஒரு சொல்
சிங்கப்பூர் வரை போய்த் திரும்பி
எங்கள் வாசலிலேயே மறிக்கப்படுகிறது.

வெள்ளி இரவு, கரண்ட் போய் வந்த பிறகு
ரவுட்டரைக் கவிழ்த்தேன்.
கடவுச்சொல்லின் கடைசி எழுத்தில் பல்லி எச்சம்.
எட்டா, பியா?
பி.

உள்ளே என் அலுவலகம் மாதிரியேதான்:
யார் வந்தார், எப்போது வந்தார்,
எவ்வளவு நேரம் தங்க அனுமதி.
வருகிறவருக்குக் கையில் அகப்பட்ட இலக்கத்தைக் கொடுத்து
நாளைக்கு வேறொன்றைக் கொடுக்கும் பழக்கம் அதற்கு.
அதை முதலில் நிறுத்தினேன்.
யதுவுக்கு இருபத்தொன்று, அஸ்ஜத்துக்கு இருபத்திரண்டு,
ஹசந்தவுக்கு இருபத்து மூன்று. இனி மாறாது.

அடுத்தது 3074.
அந்த வாசலை யதுவுக்குத் திறந்தேன்.
மாடியில் இருந்து அஸ்ஜத் கத்தினான்.
அஸ்ஜத்துக்குத் திறந்தேன்.
யது கத்தினான்.
ஒரே இடத்தில் இரண்டு கப்பல் கட்டப் பார்க்கிறேன்,
சம்பளம் வாங்கும் நான்.

படியில் இருந்தபடி ஹசந்த தன் தமிழில் சொன்னார்:
"எழுதின எல்லாம் அழிங்க மிஸ்.
அது தானா கேக்கும், இது தானா குடுக்கும்."
யூபிஎன்பி என்றொரு சின்னக் கட்டம். சரி போட்டேன்.
மனமில்லாமல்தான்.
கேட்டவுடன் கதவைத் திறக்கிற காவலாளியை
இந்த ஊரில் வளர்ந்த எவளும் நம்பமாட்டாள்.

எல்லாவற்றையும் அணைத்து முப்பது வரை எண்ணினோம்.
கேற்றடியில் ஒரு மான்
ரவுட்டர் வந்த அட்டைப்பெட்டியை
அறிவுறுத்தல் கடதாசியோடு சேர்த்துத் தின்றுகொண்டிருந்தது.
ஒவ்வொன்றாய் எழுப்பினோம்.
முதலாவது 3074 கேட்டு வாங்கியது.
இரண்டாவது, அது போய்விட்டதென்றதும், வேறொன்று.
மூன்றாவது இன்னொன்று.
ஒருவரும் கத்தவில்லை.

ஆனாலும் 'மிதமானது'.
வெளிமுகவரி நூறில் தொடங்குகிறது என்றது ரவுட்டர்.
வெளியுலகம் வேறொரு எண்ணைச் சொன்னது.
அப்போதுதான் விளங்கியது,
எங்களுக்கென்று விலாசமே இல்லை.
முகம் தெரியாத எத்தனையோ வீடுகளோடு
ஒரே இலக்கத்தின் பின்னால் நெரிந்து நிற்கிறோம்.

உதவி இலக்கத்தில் நாற்பது நிமிடம் நாதஸ்வரம்.
பிறகு தூக்கக் குரலில் ஒரு பெண்:
"தனி முகவரி எண்டால் மாதம் கொஞ்சம் கூடும்."
மூன்றாய்ப் பங்கிட்டோம்.
அஸ்ஜத்தின் பங்கை, கணித வினாத்தாள் ஒன்று
முழுதாய்ச் செய்து காட்டினால்தான் தருவேன் என்றார் டீச்சர்.
அதில் இரண்டு நாள் போனது.

செவ்வாய் இரவு.
"திறந்தது!" முன்னறை.
"திறந்தது!" மாடி.
பின்னறையில் சிங்களத்தில் ஏதோ, அதே சந்தோஷத்தில்.

மூடப் போனபோதுதான் பார்த்தேன்,
பட்டியலில் நாலாவதாக ஒன்று.
பெயரில்லை. பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் மட்டும்.
பின்னேரம் நாலரைக்கு வருகிறது, ஆறரைக்குப் போகிறது.
சமிக்ஞை மெலிவு: பின்மதில் பக்கம்.
எங்கள் நாய் குரைக்காத யாரோ.

தடுக்க ஒரு பொத்தான் இருந்தது.
அதன் மேல் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தேன்.

இருபத்து நான்கு என்று எழுதினேன்.
வரிசையில் கடைசி, வேகத்திலும் கடைசி,
படம் கட்டாயம் தேங்கும்.
பெயரிடத்தில் என்ன போடுவதென்று தெரியாமல்
'வெளி நங்கூரம்' என்று போட்டுச் சேமித்தேன்.