இழப்பு என்றொரு கட்டம்

அயோத்தியாப்பட்டணம் தாண்டி
ஆத்தூர் பஸ் வேகமெடுக்கும் இடத்தில்
மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கு என்றார்கள் ஆபீசில்.
பொத்திக்கொண்டுதான் இறங்கினேன்.
நாற்றமே இல்லை.
பிடித்துக் கட்டிப்போட்டிருந்தார்கள்.

கறுப்பு விரிப்புக்குக் கீழே
ஒரு ஏக்கர் குட்டை
நிறைமாதமாய் உப்பியிருந்தது.
கிழங்கு கழுவிய தண்ணீர், மாவு வடிந்த தண்ணீர்.
முன்பெல்லாம் ஓடைக்குப் போய்
கிணற்றுக்குப் போய்
பஞ்சாயத்துக்குப் போய்
கடைசியில் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போன தண்ணீர்.
இப்போது எங்கும் போவதில்லை.
உள்ளேயே கிடந்து மூச்சு விடுகிறது.
அந்த மூச்சைக் குழாயில் வாங்கி
எஞ்சினுக்கு ஊட்டுகிறார்கள்.

நான் மின்சிக்கனத் தணிக்கைக்காரி.
என் பையில்
கம்பியைக் கவ்விப் பார்க்கும் மீட்டர்,
தொடாமல் சூடு படிக்கும் துப்பாக்கி,
பதினேழு பக்கப் படிவம்.
படிவத்துக்கு மிகப் பிடித்த சொல்
இழப்பு.

எஞ்சின் அறையில் மாதேஸ் கத்திக்கத்திப் பேசினார்.
காது மந்தமில்லை, பதினோரு வருஷப் பழக்கம்.
"நூறு பங்கு கேஸ் உள்ள போனா
எத்தன பங்கு கரண்டா வருதுங்க மேடம்?"
முப்பத்திரண்டு.
"மிச்சம்?"
சூடு, புகை, நடுக்கம், இந்தச் சத்தம்.
"அறுவத்தெட்டுமா!"
சம்பளக் கவரைப் பிரித்தவர்போல்
எஞ்சினைப் பார்த்தார்.
ஆறுதலுக்குச் சொன்னேன்:
கரி எரிக்கிற பெரிய இடங்களிலும்
இந்த லட்சணம்தான், கொஞ்சம் மேலே.
அங்கிருந்து கம்பிவழி வந்து சேர
வழிச்செலவு வேறு.
"மேட்டூர்லயுங்களா?"
மேட்டூரிலும்.
அதில் அவருக்கு என்னவோ ஒரு திருப்தி.

புகைக்குழாயில் துப்பாக்கியை நீட்டினேன்.
முந்நூற்று எண்பது டிகிரி.
'பயன்படாத வெப்பம்' என்று எழுதப்போனவள்
நிமிர்ந்து பார்த்தேன்.
குழாய்க்குப் பக்கத்துக் கொடியில் நாலு துண்டுகள்,
ஒரு பையனின் பள்ளிக்கூடச் சட்டை.
குளிர்விப்பு நீர் வெளியேறும் தொட்டியில்
சாக்கு நூலில் கட்டித் தொங்கும் மூன்று கிழங்கு.
வாளியோடு பெரியதாயி வந்து
வெந்நீர் மொண்டுகொண்டு போனார்,
மாவு அரித்த விரலிடுக்குகளைக் கழுவ.
ஒரு சட்டை காய்ந்தால்
எத்தனை சதவீதம் கூட்டுவது?
பேனாவை மூடிவிட்டேன்.

பிறகு களம்.
இரண்டு ஏக்கர் சிமெண்டுத் தரையில்
தட்டில் வாட்டிய ஜவ்வரிசி வெள்ளைவெளேரென்று.
கண் கூசி ஒருகணம் எதுவும் தெரியவில்லை.
முக்காட்டுக்குள் முகம் தொலைத்த ஒன்பது பெண்கள்
பலகை இழுத்துப் புரட்டிப்போட்டபடி.
"இதுக்குக் கரண்டே இல்லைங்களே,
இங்க என்ன பாக்கறீங்க?"
மாதேஸ் இங்கேயும் கத்தினார்.

கிலோ தண்ணீர் ஆவியாக
அரை யூனிட்டுக்குமேல் வேண்டும்.
அன்று களத்திலிருந்து கிளம்பிப்போன தண்ணீர்
இரண்டரை டன்.
உள்ளங்கையில் பெருக்கிப் பார்த்தேன்,
நம்பாமல் இன்னொரு முறை.
ஆயிரத்து அறுநூறு யூனிட்.
எஞ்சின் பகல் முழுக்கக் கதறி ஈன்றதைவிட அதிகம்,
ஒரு சத்தமுமில்லாமல்.
எரிபொருள் பட்டியலில்
மின்வாரியம், டீசல், விறகு, வாயு,
கடைசியாக 'மற்றவை'.
மற்றவையில்
வெயில் என்று எழுதினேன்.

எழுதி முடிக்கவில்லை,
சேர்வராயன் மலைப்பக்கம் கறுத்தது.
"ஏற்காட்டு மேகம் கேட்டு வாங்காது,
புடுங்கிட்டுத்தான் போகும்!"
ஒன்பது பேரும் ஓடினார்கள்.
படிவத்தை எங்கே வைத்தேனோ,
தார்ப்பாயின் ஒரு முனை என் கையில்.
எதிர்முனையில் யாரென்று தெரியவில்லை,
"இழு, இழு கண்ணு" என்ற குரல் மட்டும்.
முதல் துளி விழுந்தபோது
முக்கால் களம் மூடியிருந்தோம்.
கால் களம் கஞ்சி.
அதுவாவது
சந்தேகமில்லாத இழப்பு.

பத்து நாள் கழித்து அறிக்கை திரும்பி வந்தது.
சிவப்பு மையில் ஒரு வரி:
'மற்றவை, 1600 யூனிட்.
ரசீது இணைக்கவும்.'

பையைத் தலைகீழாய்க் கவிழ்த்தேன்.
மீட்டரின் தாடைக்குள் சிக்கியிருந்தன
நாலு ஜவ்வரிசி.