பாதி விலை

ஜப்பானிலிருந்து வந்திறங்கிய வேகன் ஆரின்
டாஷ்போட் லாச்சிக்குள்
மூன்றாய் மடித்த ஒரு பற்றுச்சீட்டு.
பஞ்சிகாவத்தை யார்டில்
அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி.
"டொக்கியுமெண்டா பிள்ளை?" என்கிறார் நவ்பர் முதலாளி.
இல்லை. சோற்றுருண்டை ஒன்று, டூனா மயோ.
வாற்கோதுமைத் தேநீர் ஒரு போத்தல்.
இருநூற்று அறுபத்தெட்டு யென்.
அதிகாலை இரண்டு பதினாலு.
"அப்ப எறியுங்க."

திகதியைப் பார்த்தேன்.
நான் அங்கிருந்த மார்கழி.
பகலில் மொழிப் பள்ளி,
இரவில் சைத்தாமாவில் சாப்பாட்டுப் பெட்டித் தொழிற்சாலை.
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்பு.
பெல்டில் வரும் சோற்றின் நடுவில்
உப்பில் ஊறிய ஒரு பழத்தை வைப்பது என் வேலை.
ஒன்று. ஒன்று. ஒன்று.
நேபாளத்துச் சிர்ஜனா பொரித்த மீன் வைப்பாள்.
ஒரு நூல் தள்ளினாலும்
"தயா-சான், நடுவில்!" என்பார் குரோகாவா.
அது என்ன பழம் என்று அம்மா வீடியோவில் கேட்டபோது சொன்னேன்:
வெரளி அச்சாறு போடேக்கை
மிளகாயை மறந்துபோனா எப்பிடி, அப்பிடி.

சோற்றுருண்டை உறையில்
ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் இருக்கும்.
அந்த வரிசையில்தான் கிழிக்க வேண்டும்.
பசி எண்ணுமா?
முதல் நாள், ரயில் மேடையில்,
கடற்பாசித் தாள் ஒரு கையில்
சோறு மற்றக் கையில்
மடியெல்லாம் டூனா.

பத்து யென் சோளக் குச்சி பன்னிரண்டு ஆன அன்று
ஸ்டேஷனடிக் கடைக்காரி குனிந்து மன்னிப்புக் கேட்டாள்.
எனக்குக் கூச்சமாய்ப் போயிற்று.
இங்கே பாண் விலை இரவோடிரவாய் ஏறும்.
காலையில் மிச்சக் காசுக்கு
ஒரு டொஃபி தருவான்.

இரவு எட்டு மணிக்கு, அங்கே, சுப்பர்மார்க்கெட்டில்
மஞ்சள் ஸ்டிக்கர் சுருளோடு ஒருவர் வருவார்.
ஹங்காகு. பாதி விலை.
அவர் வரும்வரை எல்லாரும் முள்ளங்கி பார்ப்போம்.
கோட்டுப் போட்ட கந்தோர்க்காரர்,
முதுகில் பிள்ளையைக் கட்டிய ஒருத்தி,
நான், சிர்ஜனா,
முள்ளங்கியில் அப்படி என்னதான் இருக்கிறதோ
புரட்டிப் புரட்டி.
கிழங்குக் கொரோக்கேயின் மூடியில்
டிக் என்று முதல் ஸ்டிக்கர் விழும்.
ஒருவரும் ஓடமாட்டோம்.
கொஞ்சம் வேகமாக நடப்போம்.

பின் சீட்டுக்கடியில் நுவன் கண்டெடுத்தான்
உறை பிரிக்காத ஓர் இனிப்பு. அதே பழம்.
நான் சொல்வதற்குள் வாயில் போட்டு
"ஐயோ அக்கே, உப்பு!" என்று
டயருக்குப் பின்னால் துப்பினான்.

மதியம் பார்சல் சோறு.
தாளைப் பிரித்தால்
பருப்பு வல்லாரைக்குள், வல்லாரை கிழங்குக்குள்,
அரை முட்டை எங்கோ ஒரு மூலையில் கவிழ்ந்து.
குரோகாவா கண்டால் மயங்கி விழுவார்.
நான் விரலால் வழித்துச் சாப்பிட்டேன்.
பற்றுச்சீட்டை எறியவில்லை,
பேர்ஸில் பஸ் டிக்கட்டுகளோடு கிடக்கிறது.

இப்போது ஏழரை. வெள்ளவத்தை.
சூன் பாண் ஓட்டோ
அந்த ஒரே மெட்டை இழுத்துக்கொண்டு
ஒழுங்கைக்குள் நுழைகிறது.
முதல் சுற்றில் நான் வாங்குவதில்லை.
கடற்கரைப் பக்கம் போய்த் திரும்பும்போது
மாலு பாண் மிச்சமிருந்தால் விலை இறங்கும்,
மூன்று எடுத்தால்
ஒரு கிம்புலா பணிஸ் சும்மா.
கேற்றடியில் நிற்கிறேன்.
போனைக் காதில் வைத்து
எதிர்முனையில் இல்லாத ஒருவருக்கு
"ஓமோம், நாளைக்குப் பாப்பம்" என்கிறேன்.
எதிர் வீட்டு மிசிஸ் காசிச்செட்டி
பின்னேர மழையில் ஊறிப்போன குரோட்டனுக்குத்
தண்ணீர் ஊற்றுகிறா.
நாங்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை.

மெட்டு திரும்பி வருகிறது.
அவ வாளியைக் கீழே வைக்கிறா.
ஓடமாட்டோம்.