குடும்பத்தில் வேறு யாருக்காவது

இரத்தம் எடுக்கக் காலை ஆறரைக்கே வரிசை.
எனக்கு முன்னால் பதினொரு பேர்.
ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை,
சுவரில் ஒட்டிய டெங்கு நோட்டீசை
எல்லோரும் மனப்பாடம் செய்கிறோம்.

நான் விழுங்குவது ஒருவகை உப்பு.
டொக்டர் மதுஷானி அதைச் சொன்ன நாளில்
சிரித்துவிட்டேன்.
வெள்ளவத்தையில் பிறந்தவளுக்கு உப்பா புதிது?
எங்கள் ஃபிளாட்டின் ஜன்னல் கம்பியைத்
தின்றுகொண்டிருப்பதும் அதுதானே.
கூடினால் நஞ்சு, குறைந்தால் வீண்,
அதனால் மூன்று மாதத்துக்கொருமுறை
ஊசி முனையில் உப்புப் பார்க்கிறார்கள்.

போன சித்திரையில் ஒன்பது நாள் தூங்கவில்லை.
அந்த வெளிச்சத்தைச் சொன்னால்
பொறாமைப்படுவீர்கள், ஆகவே சொல்கிறேன்:
புறக்கோட்டையில் பதினான்கு குடை வாங்கினேன்,
மழை வரப்போவது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.
காலி வீதியில் ஓர் ஓட்டோக்காரருக்கு
அதுவரை வாயில் வராத சிங்களத்தில்
ஒரு தொழில் திட்டம் விளக்கினேன்.
மீட்டரை நிறுத்திவிட்டுக் கேட்டார், பாவம்.
தோட்டைக் கழற்றி அவர் மகளுக்கென்று கொடுத்தேன்.
மறுநாள் வீட்டைத் தேடி வந்து
அருள்நேசனின் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாராம்,
ஒரு கேள்வியும் கேட்காமல்.

பிறகு ஆடி.
பல் துலக்கும் பிரஷ் எட்டும் தூரத்தில் இருந்தது,
கை இல்லை.
சோகம் என்று எழுதிவிடாதீர்கள்,
சோகப்பட உள்ளே ஓர் ஆள் வேண்டும்.
பின்னேர ரயில் கடலோரமாய்க் கடக்கும்போது
மேசையில் தேநீர் நடுங்கும்,
அதன்மேல் ஆடை படியும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.
மழை வந்தது.
பதினான்கு குடையும் கதவுக்குப் பின்னால்
பொலித்தீன் பிரிக்காமல் கிடந்தன.

காரணம் எல்லோரிடமும் இருந்தது.
பம்பலப்பிட்டி மாமிக்குக் கண்ணூறு.
ஒஃபீசுக்கு, ஆண்டிறுதிக் கணக்கும் இரவு வேலையும்.
அருள்நேசன் ஒன்றும் சொல்லவில்லை,
தங்காமல் போன பிள்ளையின் ஸ்கேன் படத்தை மட்டும்
அலுமாரியில் உயரத் தட்டுக்கு மாற்றினான்.

டொக்டர் ஒன்றையும் தள்ளவில்லை.
"தூக்கம் கெட்டது, துக்கம், வேலை, எல்லாம் சேரும்.
ஆனா சில வீட்டுக்குப் பூட்டு
கட்டேக்கயே கொஞ்சம் தளர்வு.
பூட்டினவங்கட பிழை இல்ல."
பிறகு படிவத்தைத் திருப்பினார்:
குடும்பத்தில் வேறு யாருக்காவது?

"ஒருத்தருக்குமில்ல," என்றாள் அம்மா,
கேள்வி முடியும் முன்பே.

நூறாம் நம்பர் பஸ்ஸில்
கொள்ளுப்பிட்டிச் சந்தி தாண்டும்வரை பேசவில்லை.
பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி:
"கப்பலில போனவர் எண்டு சொன்னனே, குணநாயகம் அண்ணை.
அவர் கப்பலைக் கண்டதே இல்லை.
அங்கொடையில ஆறு வருசம் இருந்தவர்."
பஸ் குலுங்கியது.
"ஒருநாள் ஏழு சோடி சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்தவர்.
ஒண்டும் அவற்றை காலுக்கு அளவில்லை."

ஏழு சோடி.
எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை.
முன்பின் பார்த்திராத ஒரு மனிதர்
எங்களுக்கிடையில் வந்து
அளவில்லாத சப்பாத்தோடு உட்கார்ந்ததுபோல.
அம்மா அழுதாள்.
"என்ரை இரத்தத்தாலதானே உனக்கு."
அவளுடைய மூக்கும் தந்தாய், அம்மா,
அதற்கு ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லையே
என்று சொல்ல நினைத்தேன்.
நடத்துநர் மிச்சக் காசு நீட்டினார்.

இன்று படிவத்தில் தாய்மாமன் என்று நானே எழுதினேன்.
ரிப்போர்ட் நல்லது, பூச்சியம் தசம் ஏழு.
எழும்பும்போது அம்மா திடீரென்று கேட்டாள்:
"டொக்டர், எழுபத்தி நாலில
அண்ணைக்கு இந்த உப்பைக் குடுத்திருப்பினமோ?"

டொக்டர் பேனையை மூடினார். திறந்தார்.
"தெரியாது, அம்மா," என்றார்.

வெளியே தூறல்.
இரண்டு பேரும் குடை கொண்டுவரவில்லை.