ஒலிபுகா அறை

சென்ட்ரலுக்கு எதிரே, பொது மருத்துவமனை.
கதவைச் சாத்தினால்
மின்ரயில் ஹாரன்கூட உள்ளே வராது.

வலக்காதுக்குச் சிவப்பு வட்டம்,
இடக்காதுக்கு நீலப் பெருக்கல்குறி,
பதிலே இல்லையென்றால் கீழ்நோக்கி ஓர் அம்பு.
பதினோரு வருடமாய் இதுதான் என் எழுத்து.

போன மாதம் கோத்தகிரியிலிருந்து வந்த கோத்தர் பெண்
தொட்டுக் காட்டினாள்: கெவ்.
நேற்று ஒரு மைசூர் லாரிக்காரர்: கிவி.
இன்று உடுப்பி மெஸ் கல்லாவிலிருந்து
ஐத்தப்ப பூஜாரி. கெபி அடைக்கிறதாம்.

நம்ம ஊரில் செவி புழக்கத்தில் இல்லை, காதுதான்.
செவிடு மட்டும் மிச்சம்.
அப்புறம் ஆட்டோ ஸ்டாண்டுச் சண்டையில்
செவுள்லயே ஒண்ணு வுட்டன்னா.

பாதியில் விட்ட எம்.ஏ. மொழியியலில்
ஒரு சொல் படித்தேன்: கெவி.
முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கும்.
இப்படித்தான் இருந்திருக்க வேண்டும், யாரும் கேட்டதில்லை
என்று அதற்கு அர்த்தம்.
காதைக் குறித்த சொல்,
எந்தக் காதும் சாட்சியில்லை.

கெ நம் பக்கம் வந்து செ ஆனது.
'கேள்' மட்டும் சேள் ஆகவில்லை.
பின்னால் ள
நாக்கை மடித்து உட்கார்ந்துகொண்டு
நகரவிடவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பூஜாரி,
தலையில் ஹெட்போன், கையில் பொத்தான்.
சத்தம் கேட்டால் அழுத்துங்கள் என்றிருந்தேன்.
எல்லா அலைவரிசையும் முடிந்தது.
ஏனோ மைக்கைத் திறந்து
முப்பது டெசிபலில் சொன்னேன்:
கெவி.

விளக்கு எரிந்தது.
எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று
நான் பார்த்துக்கொண்டிருக்க,
"கெபி" என்று
திருத்தினார்.