ஐந்து எம்பிக்குள்

கோப்பு பெரிது என்கிறது தீர்ப்பாயத்தின் பக்கம்.
அறுபத்தெட்டு எம்பி.
ஐந்துக்குள் அடங்கினால்தான் உள்ளே விடுமாம்.

டான்டினாங்கில் ஜூலை மாதம்.
யூனிட்டின் ஜன்னல்கள் உட்பக்கமாக வியர்க்கின்றன.
மடிக்கணினிக்கு அடியில்
ஒரு துவாயை நாலாய் மடித்து வைத்திருக்கிறேன்.
மேசையும் ஈரம்.

அப்படி என்னத்தைத்தான் அடைத்தேன் அதற்குள்?
வாடகை ஒப்பந்தம், இருபத்திரண்டு பக்கம்
(அதில் என் கையெழுத்து ஒன்றுதான் என்னுடையது).
ஏஜென்ட் பிரெண்டனுக்கு நான் எழுதிய ஈமெயில் நாற்பத்தொன்று.
அவன் பதில் மூன்று.
மூன்றிலும் ஒரே வரி:
'ஜன்னலைத் திறந்து வையுங்கள்.'
ஈரமுறிஞ்சி வாங்கிய பற்றுச்சீட்டு.
டொக்டரின் கடிதம்: இயலன், வயது ஆறு,
இந்தக் குளிருக்குள் மூன்று தரம் இழுப்பு.
மிச்சம் பத்தொன்பது படமும்
பூஞ்சணம்.

அலுமாரிக்குப் பின்னால் மிளகு சிதறினாற்போல.
குளியலறைக் கூரையில் யாரும் உரிமை கோராத தீவுகள்.
பள்ளிச் சப்பாத்தின் நாக்கில் பச்சையாய் ஒரு வெல்வெட்.
மகனுடைய மெத்தையின் அடிப்பக்கம்;
அதில் ஐம்பது சதக் காசொன்றைப் பக்கத்தில் பிடித்தேன்,
அளவு தெரியட்டும் என்று.

சுருக்கித் தருகிற இடத்தில் மூன்று பொத்தான்:
குறைவு, நடுத்தரம், அதிகம்.
சாப்பாட்டுக் கடையில் உறைப்புக் கேட்கிற மாதிரி.
நடுத்தரம் அழுத்தினேன். இருபத்தாறு.
அதிகம் அழுத்தினேன்.
நாலு தசம் ஏழு!

நாற்காலியை விட்டே எழும்பிவிட்டேன்.
பிறகு திறந்து பார்த்தேன்.

பிரெண்டனின் மூன்று வரியும் கண்ணாடி போல் தெளிவு.
சுவர்தான் வெளுத்திருந்தது.
பதினாலு மாதம்
வினாகிரி, பிளீச், பழைய பல்துலக்கி,
நகக்கண் எரிய எரியத் தேய்த்தும் போகாத பூஞ்சணம்
ஒரே அழுத்தலில் போய்விட்டது.
மெத்தையில் ஒரு சாம்பல் புகை.
காசு உருண்டையாகி யாருடைய நாட்டுக் காசோ ஆகியிருந்தது.
'வெறும் நிழல்தானே' என்று பிரெண்டன் சொல்வான்.
இப்போது நானே
அதை அவனுக்கு எழுதிக் கொடுக்கப் பார்த்தேன்.

பாண் தொழிற்சாலையில் இரவு வேலை.
இரண்டு மணித் தேநீருக்கு ஸோரா என் போனை வாங்கிப் பார்த்தாள்.
அவள் ஹீட்டருக்காக ஒரு வழக்கு, கூரை ஒழுகலுக்காக ஒரு வழக்கு,
இரண்டும் நடத்தி முடித்தவள்.
மாவு படிந்த விரலால் ஒப்பந்தத்தைத் தள்ளித் தள்ளிப் போனாள்.
'இதையா கலரில் ஸ்கேன் பண்ணினாய்?'
ஓம்.
'இதுதான் பாரம். பக்கத்துக்கு இரண்டு எம்பி.
வெள்ளைத் தாளின் வெள்ளையைச் சுமக்கிறாய்,
ஓரத்தில் உன் பெருவிரலையும்.'

பூஞ்சணத்தின் பாரம் என்றுதான்
இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

விடிய வீட்டுக்கு வந்து
ஒப்பந்தத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினேன்.
நாற்பத்து நாலு எம்பி, அரை எம்பி ஆயிற்று.
அவர்களுடைய இருபத்திரண்டு பக்கத்துக்கு அது போதும்.
படங்களில் மூன்றை மட்டும் எடுத்தேன், சுருக்காமல்.
தீவுகளை விட்டேன். சப்பாத்தை விட மனமில்லை,
இரண்டு தரம் சேர்த்து, இரண்டு தரம் எடுத்தேன்.
மெத்தை இருக்கிறது.
அதைப் பெரிதாக்கிக் காசின் மூலைகளை எண்ணினேன்.
பன்னிரண்டு.
எண்ண முடிகிறது.

நாலு தசம் ஒன்பது.
பச்சையில் ஒரு சரி அடையாளம் வந்தது,
நன்றி என்றும் வந்தது.

பிறகு, பிரெண்டன் சொன்னபடியே
ஜன்னலைத் திறந்து வைத்தேன்.
இரண்டு நிமிஷம் இருக்கும்.
குளிர் வந்தது,
கொஞ்சமும் சுருங்காமல்.