மூடுபனிக்கு இரண்டு மில்லிசெகண்ட்

ஓலெசுண்ட் துறைமுகப் பயிற்சிக்கூடத்தில்
கப்பல் இல்லை, கடலும் இல்லை.
ஒரு சுக்கான், வளைந்த திரை,
யாரோ பாதி குடித்துவிட்டுப் போன காபி.

ஒரு சட்டகத்துக்குப் பதினாறு மில்லிசெகண்ட்.
அலைக்கு ஆறு, பாறைக்கு நாலு,
கடற்பறவைகளும் பங்கு கேட்கின்றன.
மூடுபனிக்கு மிஞ்சியது இரண்டு.

இரண்டுக்குள்
ஒளி சிதறுவதையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்க முடியாது.
அதனால் இங்வில்
ஒரு நரம்பு வலைக்குக்
குளிர்காலம் முழுக்கப் பனியை ஊட்டினாள்.
இயந்திரங்கள் இராப்பூராவும் கணக்கிட்ட பனி,
சோடியம் விளக்கைச் சுற்றி மஞ்சளாய்த் திரண்டது,
விடிகிற பக்கம் மட்டும் மெலிந்தது.
இப்போது அது கணக்குப் போடுவதில்லை.
ஊகிக்கிறது.

சோதிக்க வந்தவள் தூர்டிஸ்,
ஃபியோர்டில் கார்களை ஏற்றிக் கடக்கும் படகின் மாலுமி.
வெண்மை ஏறியதும் பேச்சை நிறுத்தினாள்.
வேக விசையைப் பின்னுக்கு இழுத்தாள்.
சட்டென்று
இடப்பக்கம் ஒடித்தாள்.

"அங்கே விளக்கு."

விளக்கு இல்லை.
கடந்துபோன மிதவையின் வெளிச்சத்தை
வலை இன்னும் விடவில்லை, அவ்வளவுதான்.
போன சட்டகத்தைக் கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான்
அடுத்ததை நெய்கிறது அது.

இங்வில் பிழைப்பட்டியலைத் திறந்தாள்.
நானூற்றுப் பன்னிரண்டு: பேய் வெளிச்சம்.

"எடுத்துவிடாதே" என்றாள் தூர்டிஸ்.
"போன நவம்பரில்
இப்படி ஒன்றுக்குத் திருப்பியிருக்கிறேன்.
கீழ்த்தளத்தில் நாற்பது பேர்
காருக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தார்கள்."

பிறகு காபி எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்.

இங்வில் பதில் சொல்லவில்லை.
'நிலை' என்ற கட்டத்தில்
அவளுடைய சுட்டி
விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.