ஐஸ் தீர்ந்தது

அறுபது படகு, ஒரே செயற்கைக்கோள்,
அந்திக்கு நாலு நிமிடம்.
வள்ளவிளை சங்க ஆபீசில் கணக்கெழுதும் நான்தான்
ஆழ்கடலின் பேச்சைச் சுருக்கினேன்.

மூன்று வருடத்துச் செய்தி நோட்டைப் புரட்டி
எது எத்தனை தடவை என்று எண்ணினேன்.
பாதிக்கு மேல் "சுகம்".
அதற்கு ஒற்றைப் பூஜ்யம் போதும்;
எதிர்பார்த்த செய்திக்கு எடை கிடையாது.
"சூரை விழுந்தது": ஒன்று, பூஜ்யம்.
"இடம் மாறுகிறோம்": ஒன்று, ஒன்று, பூஜ்யம்.
அரியது நீளும்.
இதற்குக் கீழே இம்மியும் குறையாதென்று
கணக்கே கைவிரிக்கும் இடத்தில் போய் நின்றேன்.
அன்றைக்கு நித்திரவிளைக் கடையில்
எனக்கு நானே பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன்.

அந்தக் கணக்கில்
ஆக அரிதான இரண்டும் அடுத்தடுத்த பாயில் படுக்கும்,
கடைசிப் புள்ளி மட்டும் வேறு.
பாதியில் ஐஸ் தீர்ந்தது:
ஒன்று ஒன்று ஒன்று பூஜ்யம்.
ஆளைக் காணவில்லை:
ஒன்று ஒன்று ஒன்று ஒன்று.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்.
லட்சத்தீவுக்கு மேற்கே ஏதோ மேகம், ஏதோ மின்னல்.
கடைசிப் பூஜ்யம் ஒன்றாகி வந்தது.
சந்தேகப்பட அதில் ஒன்றுமே இல்லை.
சொட்டு மிச்சமில்லாமல் பிழிந்த மொழியில்
தப்பான வார்த்தை என்று ஒன்று கிடையாது;
பிழைத்தாலும் அது ஒரு வார்த்தைதான்.

படகில் பத்துப் பேர்.
"யாரை?" என்று கேட்க நான் எண் வைக்கவில்லை.
பத்து வீட்டிலும் அழுதார்கள்.
ததேயுவின் மனைவி பிரிஜித்தாள் மட்டும்
ஆபீஸ் வாசலில் வந்து நின்று
திரையையே பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் அதே நாலு நிமிடத்தில்
பூஜ்யம் வந்தது.
முதல்முறையாக அது கனத்தது.
யாரும் நம்பவில்லை, நானும்.

இப்போது எதையும் மும்முறை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்,
இரண்டு ஒத்தால் எழுதிக்கொள்வேன்.
அறுபது படகுக்கும் நேரம் காணாது,
நாளுக்கு இருபதுதான்.
"இதுக்காலே சுருக்கின?" என்கிறார்
சங்கத் தலைவர் சூசைநாயகம்.
சரியான கேள்விதான்.

தேங்காய்ப்பட்டணத்தில் படகு அணைந்தபோது
மீன் கூடைகளுக்கு நடுவே வழி பிடித்துப் போய்
பிரிஜித்தாள் கேட்டாள்:
"ஐஸா தீந்துது?"
"ஐஸ்தான்."
கயிற்றைக் கட்டி முடித்து அவன் நிமிர்ந்தான்.
"ஐஸா?"
"ஐஸ்தாம்ட்டீ."
கொஞ்ச தூரம் நடந்தார்கள்.
"ஐஸ்தானே?"